தோளில் விழுந்த குழி

நாலு மணிக்குள் துப்பாக்கி லைசென்ஸைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட வேண்டும் என்று சார்ஜென்ட் ஹார்விக் நோலா ப்ரென்னனுக்குக் கெடு வைத்திருந்தார். இப்போது மணி ஒன்று பத்து. நோலா தன் தகரக் கொட்டகையில் கால்மேல் கால் போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"வைக்க மாட்டேன். வேணும்னா அவனே வந்து என் பாக்கெட்டுல கையை விட்டு எடுத்துக்கட்டும். விரலெல்லாம் எண்ணி வெச்சுட்டு வரச் சொல்லு."

"அது இன்னொரு கேஸ் ஆயிடும் நோலா," என்றான் கான் ஸ்டமாடிஸ். "ஒண்ணு ஒண்ணா முடிப்போமே."

துப்பறிவது நெரிடா க்வில்டியின் வேலை. கார் ஓட்டுவது, குறிப்பெடுப்பது, யாரும் கேட்காதபோது பேசுவது கானின் வேலை. அவன் அப்பா நரித்தோலும் முயல்தோலும் வாங்கி விற்றவர். பேரம் நடக்கிற வீட்டில் பிறந்தவனுக்கு நாக்கு பல்லுக்கு முன்னாலேயே முளைத்துவிட்டது. நெரிடா பன்னிரண்டு வருடம் ஆட்டுத் திருட்டைத் துரத்திய போலீஸ்காரி; வேலையை விட்டபின் குரண்டில்லாவில் தனியாகத் துப்பறிந்து கொண்டிருந்தாள்.

"நீங்க சுடலைங்கிறது எனக்குத் தெரியும்," என்றாள் நெரிடா. "தெரிஞ்சு என்ன பண்ண? தோட்டாக் கூடு உங்களோடது."

அதுதான் சிக்கல். செவ்வாய்க்கிழமை பகல் மூன்று மணிக்கு, டூங்காரா பண்ணையின் பரிசு வாங்கிய கடா வேலியோரம் சுடப்பட்டுக் கிடந்தது. குண்டு கடாவைத் துளைத்துக்கொண்டு சமவெளியில் எங்கோ போய்விட்டது. வேலிக்கு இந்தப் பக்கம் மண்ணில் ஒரு காலிப் பித்தளைக் கூடு. சுட்டவுடன் துப்பாக்கி துப்புமே, அது. அதன் விளிம்பில் அரத்தால் போட்ட ஒரு சின்ன வெட்டு. அது நோலாவின் அடையாளம் என்று அந்த ஊரில் தெரியாதவர்கள் இல்லை.

கடாவின் சொந்தக்காரர் கிராண்ட் ஆஷ்வெல் இரண்டு வாரம் முன்புதான் மதுக்கடையில் வைத்து, இனி என் நிலத்தில் கங்காரு சுடக் கால் வைக்காதே என்று அவளிடம் சொல்லியிருந்தார். அதற்கு அவள் சொன்ன பதிலை எந்த அச்சகமும் அச்சடிக்காது. கடையே கேட்டது. ஆக, காரணமும் இருந்தது, கூடும் இருந்தது. சிட்னி ஆய்வுக்கூடத்திலிருந்து முடிவு வர ஆறு வாரம். முப்பத்தொரு வருடமாகக் கங்காரு சுட்டுக் குளிர்கிடங்குக்குப் போட்டுப் பிழைக்கிறவள் ஆறு வாரம் சும்மா இருந்தால் அவளுடைய வேட்டை வட்டாரத்தை வேறு ஒருவனுக்குக் கொடுத்துவிடுவார்கள். அறுபத்தொரு வயதில் யாரும் அதைத் திருப்பித் தரப் போவதில்லை.

"தவறிச் சுட்டுட்டேன்னு கையெழுத்துப் போட்டா ரெண்டு வருஷம் தடையோட விட்டுடறேங்கிறான் ஹார்விக்," என்றாள் நோலா. "நான் தவறிச் சுட்டதா? அந்தக் கடாவையா? முந்நூறு கெஜத்துல கங்காருவோட கண்ணு ரெண்டுல எதுன்னு கேட்டுட்டுச் சுடுறவ நான்."

நெரிடா போனை எடுத்தாள். சார்ஜென்ட் அனுப்பியிருந்த கூட்டின் படம். இரண்டு விரலால் பெரிதாக்கினாள்.

"எல்லாரும் விளிம்பைப் பாத்துட்டாங்க. தோளை யாரும் பாக்கலை. இது என்ன நோலா?"

பித்தளைக் கூட்டுக்குக் கழுத்து உண்டு. கழுத்துக்குக் கீழே சரியும் தோள் உண்டு. அந்தத் தோளில் ஒரு குழி. பிசைந்த மாவில் சுண்டுவிரல் நுனியை வைத்து எடுத்ததுபோல மழமழவென்று இருந்தது.

நோலா படத்தைப் பார்த்த வேகத்தைவிட வேகமாகப் பார்வையை எடுத்தாள். "கல்லுல பட்டிருக்கும்."

"கல்லு பட்டா கீறும். இது கீறல் இல்லை."

"அப்போ அது என்னோட கூடே இல்லை. என் கூட்டுல குழி விழாது."

"ஆனா வெட்டு உங்களோடது."

"வெட்டு என்னோடது. குழி என்னோடது இல்லை. எழுதிக்கோ கான்."

கான் எழுதவில்லை. தோல் விற்க வருகிறவன் எந்தத் தோலைக் காட்டப் பிடிக்கவில்லையோ அந்த மூட்டைப் பக்கம்தான் அவன் கண் போகும் என்று அப்பா சொல்லாமலே அவனுக்குத் தெரியும். நோலாவின் கண் இரண்டு தடவை மூலையில் இருந்த குப்பை டிரம் பக்கம் போய்வந்தது. கான் சட்டைக் கையை மடித்துவிட்டு டிரம்முக்குள் கையை விட்டான்.

"டேய். அதுல நாய்க்கு வெச்ச எலும்பெல்லாம் கிடக்கு."

"எங்க வீட்டு வாசனையே இதைவிட மோசம்."

அடியில் செய்தித்தாளில் சுற்றி, அதன்மேல் கயிறும் கட்டி ஒரு பொட்டலம் இருந்தது. பிரித்தான். நீல மூடி போட்ட சின்ன டப்பா. உள்ளே மஞ்சள் மெழுகு, பாதி காலி.

கானுக்கே கொஞ்சம் சங்கடமாக இருந்தது. கோயில் பூசாரி சட்டைப் பையிலிருந்து சீட்டுக்கட்டை எடுத்துவிட்டதுபோல.

ஏனென்றால் குரண்டில்லா ரைஃபிள் கிளப்பில் இரண்டே கட்சி. சுட்ட கூடு உப்பிப் போகும். அதை எஃகு அச்சுக்குள் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, அடியில் தீப்பொறி தரும் புதுப் பிரைமர், உள்ளே வெடிமருந்து, வாயில் குண்டு என்று மறுபடி நிரப்புகிறவர்கள் எல்லோரும். அச்சுக்குள் போகுமுன் கூட்டுக்கு மசகு பூச வேண்டும். பூசாவிட்டால் கூடு அச்சுக்குள்ளேயே மாட்டிக்கொண்டு அன்றைய ஞாயிற்றுக்கிழமையைத் தின்றுவிடும். எந்த மசகு என்பதில்தான் சண்டை. ஆட்டு ரோமத்திலிருந்து வரும் கம்பளிக் கொழுப்பைச் சாராயத்தில் கரைத்துத் தெளிப்பது ஒரு கட்சி. அதன் தலைவி நோலா. டப்பா மெழுகு இன்னொரு கட்சி. அதன் தலைவர், சார்ஜென்ட் ஹார்விக். பத்து வருடமாக அவருடைய மெழுகை அவள் "பூட் பாலிஷ்" என்றுதான் சொல்லி வந்தாள். இந்த ஈஸ்டர் போட்டியில் அந்தப் பூட் பாலிஷ்காரர் அவளை ஒரு புள்ளியில் தோற்கடித்திருந்தார்.

"சும்மா என்னதான் இருக்குன்னு பாக்கலாம்னு," என்றாள் நோலா, டீயைப் பார்த்துக்கொண்டு. "கடையில வாங்கினா ஊரே சிரிக்கும். டப்போ ஊர்லேர்ந்து தபால்ல வரவழைச்சேன். சனிக்கிழமை மத்தியானம் வந்துது. யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா அவனவன் செத்தான்."

"எவ்வளவு பூசினீங்க?"

"என் கொழுப்பை எவ்வளவு பூசுவேனோ அவ்வளவு."

கானுக்குக்கூடத் தெரியும், அது தப்பு. நோலாவின் கரைசலில் சாராயம் ஆவியாகிப் போய் மெல்லிய படலம்தான் மிஞ்சும். மெழுகு எங்கும் போகாது. விரலில் தொட்டோமா இல்லையா என்று சந்தேகப்படுகிற அளவு போதும். இவள் தலைக்கு எண்ணெய் வைப்பதுபோல வைத்திருக்கிறாள். மிஞ்சிய மெழுகு போக வழியில்லாமல் அச்சுக்கும் கூட்டுக்கும் நடுவில் மாட்டி, தோளை அமுக்கிக் குழி போட்டிருக்கிறது. முதல் நாள் பழக வருகிறவன் செய்கிற தப்பு.

"கண்ணாடி போட்டுக்கலை," என்றாள் அவள். "அம்பதையும் அழுத்தி, பிரைமரும் வெச்சு முடிச்சப்புறம் வெளிச்சத்துல தூக்கிப் பாக்கறேன், அத்தனையும் அம்மைத் தழும்பு. தட்டுலயே போட்டுட்டேன். ஆள் இல்லாத நேரமா மண்மேட்டுல சுட்டுத் தீத்துடலாம்னு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் டப்பாவைக் குப்பையில போட்டேன். போதுமா?"

"தட்டு எங்கே?"

பெஞ்சுக்கு அடியிலிருந்து எடுத்து வைத்தாள். ஐம்பது ஓட்டை போட்ட மரத்தட்டு. கான் எண்ணினான். நாற்பத்தொன்பது.

"ஒண்ணு குறையுது."

"நேத்துப் பாத்தேன். நான்தான் தப்பா எண்ணிட்டேன்னு நினைச்சேன்."

"இந்த ஒரு வாரத்துல உங்களுக்குத் தப்பு மேல தப்பா நடந்திருக்குன்னு நீங்க நம்பிட்டீங்க," என்றாள் நெரிடா. "ஒண்ணை நிரப்புங்க. மருந்து, குண்டு, எல்லாம். மண்மேட்டுல சுடுங்க."

நோலாவின் கை அந்த வேலையில் தூங்கிக்கொண்டே ஓடும். இரண்டு நிமிடத்தில் தோட்டா தயார். கொட்டகைக்குப் பின்னால் மண்மேட்டில் புழுதி எழும்பியது. சூடாக விழுந்த கூட்டைக் கான் கைக்குட்டையால் எடுத்தான்.

தோள் வழவழவென்று இருந்தது. குழி இருந்த இடம்கூடத் தெரியவில்லை.

"இஸ்திரி போட்ட மாதிரி ஆயிடுச்சு தலைவி," என்றான் கான் நெரிடாவிடம்.

"உள்ளே மருந்து வெடிச்சா அந்த அழுத்தம் குழியை வெளியே தள்ளிடும். இப்போ இன்னொண்ணு. மருந்தும் வேண்டாம், குண்டும் வேண்டாம். வெறும் பிரைமர்."

நோலா அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சிரித்தாள். வெற்றுக் கூட்டைத் துப்பாக்கியில் போட்டு இழுத்தாள். லெமனேட் பாட்டில் திறந்ததுபோல 'டப்' என்றது, அவ்வளவுதான். வெளியே வந்த கூட்டின் அடியில் பிரைமர் அடிபட்டிருந்தது. தோளில் குழி அப்படியே இருந்தது.

"படத்துல இருக்கிற அதேதான்," என்றான் கான்.

"எவனோ தட்டுலேர்ந்து ஒண்ணை எடுத்திருக்கான்," என்றாள் நெரிடா. "வீட்டுக்குப் போய் பிரைமரை மட்டும் வெடிக்க வெச்சு வேலியோரம் போட்டிருக்கான். காலிக் கூடுன்னா எல்லாம் ஒண்ணுதான்னு நினைக்கிறவன். கடையில பெட்டி பெட்டியா வாங்கிச் சுடுறவன். அவனுக்கு இந்தக் குழியைப் பத்தித் தெரியாது."

"கிராண்ட்," என்றாள் நோலா உடனே. "அவன் பரம்பரையில எவனும் கையில மசகு பட்டதில்லை."

"கொட்டகையைப் பூட்டுவீங்களா?"

"எதுக்கு?"

"பகல்ல எங்கே இருப்பீங்க?"

"தூங்குவேன். ராத்திரியெல்லாம் வேலை. நாயும் என்கூடத் தூங்கும், அதுக்குக் காது போய் நாலு வருஷமாச்சு."

"அப்போ யாரும் வந்திருக்கலாம். கிராண்ட்னு சொல்றதுக்கு நம்மகிட்ட ஒண்ணுமில்லை." நெரிடா கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு நாற்பது. "டப்பா எத்தனை நேரம் பெஞ்சுமேல இருந்துது?"

"சனிக்கிழமை மத்தியானம் முதல் ஞாயிறு சாயங்காலம் வரை."

கான் நீல மூடியை விரலில் சுழற்றிக்கொண்டிருந்தான். "தலைவி, எங்கப்பா ஒரு தோலை வாங்கணும்னா முதல்ல என்ன பண்ணுவார் தெரியுமா? இது நரியே இல்லைன்னுடுவார். பூனைன்னுடுவார். கொண்டுவந்தவன் கோபத்துல, எந்த ஓடைக்கரையில, யாரோட வேலிக்குள்ள புகுந்து, எத்தனை மணிக்குச் சுட்டான்னு எல்லாத்தையும் கக்கிடுவான். சரக்கைக் குறை சொல்லணும். சொந்தக்காரனே வாயைத் திறப்பான்."

நெரிடா அவனை முதல் தடவை பார்ப்பதுபோலப் பார்த்தாள். "இத்தனை நாள் இதை ஏன் சொல்லலை?"

"சம்பளம் பேசறப்போ உங்ககிட்டயே இதைத்தானே பண்ணினேன்."

மூன்று முப்பத்தைந்துக்கு அவர்கள் காவல் நிலையத்துக்குள் நுழைந்தபோது கிராண்ட் ஆஷ்வெல் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தார். நல்ல இஸ்திரிச் சட்டை, முழங்கால்மேல் தொப்பி. துக்கம் விசாரிக்க வருகிறவர்களை எதிர்பார்க்கிற முகம்.

சார்ஜென்ட் ஹார்விக் எழுந்தார். "நோலா. லைசென்ஸ் கொண்டுவந்தீங்களா?"

"என்கிட்டதான் இருக்கு. என்கிட்டயே இருக்கும்."

"நோலா," என்றாள் நெரிடா, "அஞ்சு நிமிஷம் வாயைத் திறக்க மாட்டேன்னு சொல்லியிருக்கீங்க."

நோலா உதட்டை இறுக்கிக்கொண்டாள். முப்பத்தொரு வருடத்தில் அவள் செய்த மிகக் கடினமான வேலை அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

"சார்ஜென்ட், அந்தக் கூட்டை எடுங்க. தோள்ல குழி இருக்கு பாருங்க. இது எப்படி விழும்?"

ஹார்விக் உறையோடு தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். மெழுகுக் கட்சித் தலைவருக்கு அது புரிய ஒரு நொடி போதும். இத்தனை நாள் புரியாமல் போனதில் காது சிவந்தது. "மசகு ஜாஸ்தியானா விழும். மெழுகு. கட்டியாப் பூசியிருக்கான்."

"நோலா எதைப் பூசுவாங்க?"

"கம்பளிக் கொழுப்பு. ஊருக்கே தெரியும். என் டப்பாவைப் பாத்தாலே திட்டுவாங்க."

"கம்பளிக் கொழுப்புல இப்படிக் குழி விழுமா?"

"அவங்க பூசுற விதத்துல விழாது."

"அப்போ இது நோலாவோட கூடு இல்லை," என்றாள் நெரிடா. "வெட்டுப் போடறது பெரிய வித்தையா? அரம் இருந்தா யாரும் போடலாம். இது மெழுகு பூசுற யாரோ ஒருத்தரோடது. இந்த ஊர்ல மெழுகு பூசுறவங்க யார் யார் சார்ஜென்ட்? உங்க பேரு முதல்ல வருமில்லே?"

"என் பேரா?"

"நான் சொல்லலை. மெழுகு சொல்லுது."

"எனக்கு முதல்லயே சந்தேகம்," என்றான் கான். "இது கூடே மாதிரி இல்லை. யாரோ விளையாட்டுக்குப் போட்டுட்டுப் போன பழைய பித்தளை. இதை வெச்சுக்கிட்டு ஒரு கேஸா? பேசாம கிழிச்சுப் போட்டுட்டுக் காப்பி சாப்பிடப் போகலாம்."

ஹார்விக் உண்மையிலேயே தடுமாறினார். உறையைக் கீழே வைத்தார். அந்த வைத்த சத்தம் கிராண்ட் ஆஷ்வெலுக்குப் பொறுக்கவில்லை.

"என்னய்யா கதை அளக்கறாங்க, நீயும் கேட்டுட்டு இருக்கே," என்றார். "கம்பளிக் கொழுப்பு, கம்பளிக் கொழுப்புன்னு ஊரை ஏமாத்திட்டு அந்தப் பொம்பளையும் மெழுகுதான் பூசுறா. நீல மூடி போட்ட டப்பா. தட்டுக்குப் பக்கத்துலயே இருக்கும். அவளோட கூடுதான் இது, சத்தியம் பண்றேன்."

ஹார்விக் உறையை மறுபடி கையில் எடுத்தார்.

"எந்தத் தட்டு?" என்றாள் நெரிடா.

கிராண்ட் தொப்பியை அந்த முழங்காலிலிருந்து இந்த முழங்காலுக்கு மாற்றினார். "எல்லாரும்தான் சொல்றாங்க. அவ மெழுகுக்கு மாறிட்டாங்கிறது ஊர்ல தெரிஞ்ச விஷயம். கடையில வாங்கினப்போ பாத்திருப்பாங்க."

"நோலாவா?" என்றார் ஹார்விக். அவர் முகத்தில் சட்டம், விசாரணை எல்லாம் போய், பத்து வருடம் வசவு வாங்கிய ஒரு மனிதனின் நம்பமுடியாத சந்தோஷம் எட்டிப் பார்த்தது. "நோலா மெழுகா? எனக்குத் தெரியாதே. கிளப்புல யாருக்கும் தெரியாதே. அப்படி இருந்தா முதல்ல நான்தான் கேள்விப்பட்டிருப்பேன்."

"அதைத்தான் நோலா சொல்லணும்," என்றாள் நெரிடா.

எல்லோரும் நோலாவைப் பார்த்தார்கள். நெரிடா தன்னைக் காப்பாற்றத்தான் மெழுகுக் கதையை மறைக்கிறாள் என்று அவள் இவ்வளவு நேரம் நம்பியிருந்தாள். இப்போது புரிந்தது. டப்பா தன்னுடையது என்று சொன்னால்தான் கிராண்ட் அதைப் பார்த்தது உண்மையாகும். சொல்லாவிட்டால் அவர் உளறினார் என்று ஆகிவிடும். உளறியதற்கு யாரையும் பிடிக்க முடியாது. மணி மூன்று ஐம்பத்திரண்டு.

கிராண்டுக்கும் அது புரிந்தது. சாய்ந்து உட்கார்ந்தார். "கேளுங்களேன்," என்றார். "மெழுகே கிடையாதும்பா. அவளுக்கு அவ ஜம்பம்தான் பெரிசு."

கான் நோலாவின் கழுத்து நரம்பைப் பார்த்தான். லைசென்ஸைப் பிடுங்குவேன் என்றபோது அசையாத நரம்பு அது.

நோலா எழுந்து நின்றாள். ஹார்விக்கின் மேசையில் இரண்டு கையையும் ஊன்றினாள்.

"யோவ் சார்ஜென்ட். பேனாவை எடு. ஒரு தடவைதான் சொல்வேன். நான் மெழுகு வாங்கினேன். உன் பூட் பாலிஷ். டப்போலேர்ந்து, தபால்ல, திருட்டுத்தனமா. சனிக்கிழமை வந்துது, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் குப்பைக்குப் போச்சு. நடுவுல அது என் பெஞ்சைத் தவிர வேற எங்கேயும் இல்லை, என் வாயைத் தவிர வேற யாருக்கும் தெரியாது, என் வாயை நான் திறக்கலை. கண்ணாடி போடாம, பச்சைப் பிள்ளை மாதிரி அள்ளிப் பூசி அம்பது கூட்டைப் பாழாக்கினேன். அதுல ஒண்ணுதான் நீ கையில வெச்சிருக்கிறது. சிரிக்கணும்னா இப்பவே சிரிச்சு முடி. அப்புறம் இந்த ஆளை, நான் தூங்கிட்டு இருந்தப்போ என் கொட்டகைக்குள்ள இவனுக்கு என்ன வேலைன்னு கேளு."

ஹார்விக் சிரிக்கவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து, கையுறை போட்டுக்கொண்டு, தன் சொந்தப் பெட்டியிலிருந்து ஒரு குண்டை எடுத்தார். உறையிலிருந்த கூட்டின் வாயில் வைத்து அழுத்தினார். போகவில்லை. இன்னொரு தடவை அழுத்தினார்.

"ஒரு தடவை சுட்டிருந்தா வாய் விரிஞ்சிருக்கும், குண்டு தானா உள்ளே விழும்," என்றார் மெதுவாக. "இது அச்சுலேர்ந்து வந்த மாதிரியே இறுக்கமா இருக்கு. இந்தக் கூட்டுலேர்ந்து குண்டே போகலை. மிஸ்டர் ஆஷ்வெல், நீங்க உக்காருங்க. தொப்பியை மேசைமேல வெச்சுடுங்க."

"ஒரு டப்பாவைப் பாத்தது குத்தமா?" என்றார் கிராண்ட்.

"கடா சாகறதுக்கு நாலு நாள் முன்னாடி, வெள்ளிக்கிழமை, டூங்காராவுக்குக் கால்நடை டாக்டர் வந்துட்டுப் போனார்," என்றாள் நெரிடா. "எதுக்குன்னு காலையில கேட்டேன், என்கிட்ட சொல்ல மாட்டேன்னுட்டார். போலீஸ்கிட்ட சொல்லித்தான் ஆகணும்."

ஹார்விக் டாக்டருக்குப் போன் போட்டார். அதிகம் பேசவில்லை, "ம்" என்று நாலு தடவை சொன்னார். வைத்தார்.

"கடா மலடாகிப் போச்சாம். அடுத்த வாரம் வாங்குறவங்க சோதிச்சுப் பாக்க வரதா இருந்தாங்களாம். மலட்டுக்கடாவுக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது."

"சுட்ட கடாவுக்கு உண்டு," என்றான் கான். "சுட்டவ ஊரறிஞ்ச எதிரியா இருந்தா கேள்வியே கேக்க மாட்டாங்க."

கிராண்டை உள்ளறைக்கு அனுப்பிவிட்டு ஹார்விக் நோலாவின் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்தார். மெழுகைப் பற்றிய பத்தியில் வந்ததும் விரலை நிறுத்தினார்.

"நோலா, இதை விட்டுட முடியாது. கோர்ட்ல வாசிப்பாங்க. கிளப்பே வந்து உக்காந்திருக்கும். நான் வேணும்னா கொஞ்சம் மழுப்பலா எழுதறேன். 'புதிய மசகு ஒன்றைச் சோதித்தபோது' அப்படின்னு."

"மழுப்பாதே. அள்ளிப் பூசினேன்னு சொன்னேன், அள்ளிப் பூசினேன்னே எழுது. பேரு, டப்பா, நீல மூடி, எல்லாம். இந்த வேலையை எனக்கு யாரும் பிச்சையா போடலை. தப்பை மறைச்சுக் காப்பாத்திக்கிற பொழைப்பும் வேண்டாம். எவன் வந்து உக்காந்தாலும் சரி, வாசிக்கிறவனைச் சத்தமா வாசிக்கச் சொல்லு."

காகிதத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டாள். அழுத்திய அழுத்தத்தில் பேனா முனை காகிதத்தைக் கிழித்துக்கொண்டு மேசை மரத்தில் இறங்கியது.